அந்தாண்ட போன சின்ன நைனா

உங்களுக்கும் அந்தப் படம் ஞாபகம் இருக்கும். நம் வயதுக்காரர்கள் எல்லாரும் பார்த்ததுதான். யார் வீட்டு டிவியில் பார்த்தோம் என்பது மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். நீளமான ஒரு சுவர், அதன் மேல் ஏறி நின்று கூத்தாடுகிற ஜனங்கள், சுத்தியலால் கொத்துகிற ஒருவன், கீழே நின்று கைதட்டுகிறவர்கள். பெர்லின் என்றார்கள். நம்மில் பாதிப் பேருக்கு அது பரீட்சையில் வந்த ஒரு மார்க் கேள்வி. அந்தச் சுவர் விழுந்ததில் எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்பதை நான் இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. ஆந்திராவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய நகரியில் எங்கள் வீட்டின் பின்கட்டில் நாலு விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தது. தறிச் சத்தத்தில் வளர்ந்தவர்கள் எல்லாரும் உரக்கத்தான் பேசுவோம். வெளியூர் போனால் ஜனங்கள் திரும்பிப் பார்ப்பார்கள், ஏதோ சண்டை என்று. என் நைனா, அதாவது அப்பா, அவர்களிலும் பெரிய குரல்காரர். அவர் அடங்கின குரலில் பேசி நான் கேட்டது இரண்டே தடவை. இரண்டும் இந்தக் கதையில் வரும்.

நைனாவுக்கு ஒரே தம்பி. நான் பிறப்பதற்கு முன்பே நெசவாளர் சங்கத்துக்காரர் ஒருவர் சொல்லி, தறி மெஷின் படிப்புக்காக ஜெர்மனிக்குப் போனவர். ஜெர்மனி இரண்டு என்பதோ, அவர் போனது கிழக்கு என்பதோ எங்கள் வீட்டில் யாருக்கும் உறைக்கவில்லை. ஜெர்மனி என்றால் ஜெர்மனி. கோட்டு போட்டு எடுத்த அவர் போட்டோ கூடத்தில் மாட்டியிருந்தது. அதைப் பார்த்துத்தான் அவரைச் சின்ன நைனா என்று கூப்பிடக் கற்றுக்கொண்டேன்.

அவர் அங்கேயே வேலைக்குச் சேர்ந்து, அந்த ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டு, ஒரு பெண் குழந்தையும் பெற்றார். நாலு மாதத்துக்கு ஒரு கடிதம் வரும். ஒவ்வொன்றிலும் நாலே வரி. நாங்கள் நலம், குழந்தை நலம், குளிர் அதிகம், உங்கள் நலம் அறிய ஆவல். நைனா அதைக் கூடத்தில் நின்று உரக்கப் படிப்பார். கரண்ட் ஆபீஸிலிருந்து வருகிற நோட்டீஸில்கூட இதைவிடப் பாசம் இருக்கும் என்பார்.

அண்ணன் தம்பி இருவருடைய அம்மா, என் பாட்டி, செத்தபோது எனக்கு ஐந்து வயது. தந்தி கொடுத்தார்கள். ஒரு நாள் முழுக்கப் பிணத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். சின்ன நைனா வரவில்லை. கருமாதிக்கும் வரவில்லை. இரண்டு மாதம் கழித்து ஒரு பார்சல்தான் வந்தது. உள்ளே ஒரு கம்பளிப் போர்வை, எனக்குச் சாவி கொடுத்தால் கொத்துகிற ஒரு தகரக் கோழி, மறுபடியும் அதே நாலு வரி. நைனா போர்வையைத் தறி எண்ணெய் துடைக்கப் போட்டுவிட்டார். போட்டோவை இறக்கிப் பீரோவுக்குப் பின்னால் சொருகினார். வெள்ளைக்காரி கட்டிப் போட்டுவிட்டாள், இனிமேல் அவன் பேச்சு இந்த வீட்டில் கூடாது என்றார். அதற்குப் பிறகு வந்த கடிதங்களை அவர் பிரிக்கவே இல்லை, கழிவு நூல் கூடையில் எறிந்தார். அந்தத் தகரக் கோழியைத் தெருப் பிள்ளைகளிடம் இரவல் கொடுத்துத் தொலைத்தேன். அதன் மஞ்சள் பெயிண்டின் வாசனை மட்டும் இன்னும் மூக்கில் இருக்கிறது.

எனக்குப் பத்து வயதான அந்த வருஷம் ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்டது. பின்தெருவில் ஒரு தறிக்கொட்டாயின் மண்சுவர் சரிந்து, ஒதுங்கி நின்ற இரண்டு ஆடுகள் நசுங்கிப்போயின. மண்ணை வாரி ஆடுகளை வெளியே எடுத்தவர்களில் நைனாவும் ஒருவர். அதற்கு மூன்றாம் நாள், டீக்கடையில் எங்கள் பள்ளிக்கூடத்துத் தெலுங்கு சார் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர், நைனாவைப் பார்த்ததும் கூப்பிட்டுச் சொன்னார்.

"மீ தம்முடு உண்டே ஊள்ளோ கோட கூலிப்போயிந்தண்ட."

உன் தம்பி இருக்கிற ஊரில் சுவர் விழுந்துவிட்டதாம். அவ்வளவுதான் அவர் சொன்னது. நைனா மேற்கொண்டு எதுவும் கேட்காமல், டீயை அப்படியே வைத்துவிட்டு, மழையில் நனைந்தபடி வீட்டுக்கு ஓடி வந்தார். பேப்பரில் போடுகிற அளவுக்கு ஒரு சுவர் விழுந்தால் அதன் அடியில் எத்தனை பேர் என்றுதான் அவருக்குத் தோன்றியிருக்கிறது. தறிகளை நிறுத்தச் சொன்னார். நாலும் ஒரே நேரத்தில் நின்றதும் வீட்டில் விழுந்த அமைதி எனக்குப் பயமாக இருந்தது. அந்த அமைதியில் அம்மாவைப் பார்த்து, அவன் அட்ரஸ் எங்காவது கிடக்கிறதா என்று அடங்கின குரலில் கேட்டார். அதுதான் நான் சொன்ன முதல் தடவை.

அம்மா நூல் வந்த அட்டைப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள். கூடையில் எறிந்த கடிதங்கள் எல்லாம் அதில் இருந்தன. அம்மா பிரித்து, படித்து, வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள். பதில் போட அவளுக்குத் தைரியம் வரவில்லை. ஒரு கடிதத்தில் மட்டும் ஐந்தாவதாக ஒரு வரி இருந்தது. பக்கத்து வீட்டு டாக்டரம்மாவின் டெலிபோன் நம்பர்.

மழைக்காகப் பள்ளிக்கூடம் லீவு. பாரத்தில் இங்கிலீஷில் எழுத ஆள் வேண்டும் என்று அம்மா என்னையும் கூட அனுப்பினாள். மறுநாள் முதல் பஸ்ஸில் திருப்பதி போனோம். புத்தூர் தாண்டும் வரை ஜன்னல் வழியாக மழை அடித்தது. மொட்டை போடப் போகிற குடும்பம் ஒன்று கோவிந்தா சொல்லிக்கொண்டே வந்தது. நைனா ஒரு தடவைகூடச் சேர்ந்து சொல்லவில்லை.

டெலிபோன் ஆபீஸில் மர பெஞ்சுகள். ஈரக் குடைகளின் நாற்றம். கண்ணாடி போட்ட நாலு கூண்டுகள். பாரத்தில் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தோம். பம்பாய்க்குக் காத்திருந்த ஒரு காலேஜ் பையன், நைனா கையிலிருந்த கடிதத்தின் அட்ரஸை எட்டிப் பார்த்து, பெர்லினா என்று ஆச்சரியப்பட்டான். சுவரில் எத்தனை பேர் செத்தார்கள் என்று நைனா அவனிடம்தான் கேட்டார்.

அவன் சிரித்துவிட்டான். பிறகு நைனாவின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, பொறுமையாக விளக்கினான். அது வீட்டுச் சுவர் இல்லை. ஊரின் நடுவே, ஒரு பக்கத்து ஜனங்கள் மறுபக்கம் போகாதபடி சர்க்காரே கட்டின சுவர். இருபத்தெட்டு வருஷமாக இருந்தது. தாண்டினால் சுடுவார்கள். அதைத்தான் இப்போது ஜனங்கள் இடிக்கிறார்கள். யாரும் சாகவில்லை, சந்தோஷமாக இருக்கிறார்கள்.

நைனா அதை ஜீரணிக்க வெகுநேரம் ஆயிற்று. தம்பி எந்தப் பக்கம் இருப்பான் என்று கேட்டார். பையன் அட்ரஸைப் பார்த்து, அடைபட்ட பக்கம் என்றான். நைனா எழுந்து வாசலுக்குப் போய் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பாட்டி இருந்த வரை அந்த நாலு வரிக் கடிதங்களை உரக்கப் படித்தவர் அவர். அதில் ஒன்றிலாவது சுவர் என்ற சொல் இருந்ததா என்று அப்போது யோசித்திருப்பார் என்று இன்றைக்கு நினைக்கிறேன்.

மத்தியானம் மூன்று மணிக்கு மேல் ஆப்பரேட்டர் அம்மா, ஜெர்மனி எவரு, அதாவது ஜெர்மனிக்கு யார், என்று கூவினாள். ஆபீஸே எங்களைத் திரும்பிப் பார்த்தது. கூண்டுக்குள் நைனா ரிசீவரைப் பிடித்துக்கொண்டார். நான் உள்ளே இருந்த ஸ்டூல் மேல் ஏறி ரிசீவரின் மறுபக்கம் காதை வைத்தேன். கடல் மாதிரி ஒரு இரைச்சல். அதற்குப் பின்னால் ஒரு சின்னப் பெண்ணின் குரல், என்ன பாஷை என்றே தெரியாமல் எதையோ கேட்டது.

நைனா, நகரியிலிருந்து பேசுகிறேன், தம்பி இருக்கிறானா என்று தறி மேல் நின்று கத்துகிற மாதிரி கத்தினார். பிறகு அந்தக் குரல், ஒவ்வொரு எழுத்தாகத் தேடி எடுத்துக் கேட்டது.

"பெரிநைனா?"

ஆமாம்மா, உன் நைனா எங்கே என்றார் அவர். அந்தப் பக்கம் குழந்தை ஏதோ சொன்னது. இரைச்சல் கூடியது. "நைனா" என்றும் "பூட்டாரு" என்றும் இரண்டு சொல்தான் தெளிவாக விழுந்தது. லைன் அறுந்துவிட்டது.

நம் பக்கத்தில் ஒருவர் பூட்டாரு, அதாவது போய்விட்டார், என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நைனா கூண்டின் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார். அவர் அழுது நான் அதற்கு முன் பார்த்ததில்லை. என் பாட்டி செத்தபோதுகூட அழாமல் ஆட்களை ஏவிக்கொண்டிருந்தவர்.

குழந்தை சொன்னதில் நடுவில் இன்னொரு சொல் இருந்தது என்று எனக்குப் பட்டது. அந்தாண்ட. அதாவது அந்தப் பக்கம். அப்படித்தான் கேட்டதா, இல்லை அவர் அழுவதைப் பார்க்கச் சகிக்காமல் நானாகச் சேர்த்துக்கொண்டேனா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. ஆனால் நிச்சயமாகக் கேட்டவள் மாதிரிச் சொன்னேன்.

"நைனா, அந்தாண்ட பூட்டாருன்னு சொல்லிச்சி. செவுத்துக்கு அந்தாண்ட."

அவர் என் முகத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து போய் இன்னொரு பாரம் வாங்கி எழுதச் சொன்னார்.

அடுத்த மூன்று மணி நேரத்தைப் பற்றி என்ன சொல்ல. முறுக்கு வாங்கிக் கொடுத்தார். அவர் தின்னவில்லை. நான் தப்பாகச் சொல்லியிருந்தால் என்ன ஆகும் என்று ஒவ்வொரு கடிக்கும் அவர் முகத்தைப் பார்த்தேன். அந்தக் காலேஜ் பையன் தன் பேச்சு முடிந்த பிறகும் கடைசி பஸ்ஸை விட்டுவிடக் கூடாதே என்று சொல்லிக்கொண்டே எங்களுடன் உட்கார்ந்திருந்தான்.

விளக்குப் போட்ட பிறகு மறுபடியும் ஜெர்மனி என்று கூப்பிட்டார்கள். இந்த முறை எடுத்த எடுப்பிலேயே ஒரு ஆண்குரல், மூச்சு வாங்க, "அண்ணா" என்றது. குழந்தை சொல்லிவிட்டதாம், ஓடி வந்தாராம். அவளுக்குச் சளி என்று டாக்டரம்மாவிடம் விட்டுவிட்டு, புருஷனும் பெண்டாட்டியும் காலையில் மறுபக்கத்தைப் பார்க்கப் போயிருந்தார்கள்.

நைனா முதலில் கேட்டது இதுதான்.

"அம்மா சாவுக்கு ஏன்டா வல்ல?"

"இவளையும் கொயந்தையும் வெளியே வுடல அண்ணா. நான் மட்டும் கெளம்பினா திரும்ப உள்ள வுட மாட்டோம்னாங்க."

"அத எயுதறதுக்கு இன்னா?"

"லெட்டர பிரிச்சிப் படிப்பாங்கண்ணா. எயுதினா இவங்க வேலைக்கு வெனை."

கடைசியாக நைனா, "சோறு துன்னியா?" என்று கேட்டார். அதுதான் அவர் அடங்கின குரலில் பேசிய இரண்டாவது தடவை. அதற்குள் பணம் கட்டியிருந்த மூன்று நிமிஷம் முடிந்துவிட்டது.

அடுத்த ஆடி மாதம் மூன்று பேரும் ரயிலில் வந்து நகரியில் இறங்கினார்கள். சின்ன நைனாவுக்குத் தலை முன்பக்கம் வழுக்கை விழுந்திருந்தது. சின்னம்மா உயரமாக, வெயிலில் சிவந்து, எங்கள் வாசற்படியில் இடித்துக்கொள்ளாமல் குனிந்து வந்தாள். சின்ன நைனா வாயிலிருந்து கேட்டுக் கற்ற தமிழ் அவளிடம் கொஞ்சம் இருந்தது. அதெல்லாம் தறிக்கொட்டாய் ஆம்பிளைகள் பேசுகிற தமிழ். என் அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, "இன்னாபா, நல்லா கீறியா?" என்றாள். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே ஓடிப்போய்ச் சிரித்தாள். இவளையா நைனா இத்தனை வருஷம் கட்டிப் போட்டவள் என்றது என்று அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டின்போது அம்மா என் காதில் சொன்னாள்.

என் தங்கைக்கு, அதாவது அந்தப் பெண்ணுக்கு, என்னைவிட ஒரு வயது குறைவு. எங்கள் இருவருக்கும் பொதுவாக இருபது சொற்கள் இருந்தால் அதிகம். அதுவே போதுமாக இருந்தது. போனில் தமிழ் பேசுகிற ஆம்பிளைக் குரல் கேட்டால் அது பெரிநைனாதான், அப்படியே கூப்பிடு என்று சின்ன நைனா அவளுக்கு நாலு வருஷமாகச் சொல்லி வைத்திருந்தாராம். நாலு வருஷமும் அப்படி ஒரு போன் வரவில்லை. இதைச் சின்ன நைனா சாதாரணமாகத்தான் சொன்னார். நைனா பாதிச் சாப்பாட்டில் கை கழுவப் போய்விட்டார்.

மறுநாள் விடியற்காலையில் அண்ணன் தம்பி இரண்டு பேரும் சுடுகாட்டுப் பக்கம் போய், தங்கள் அம்மாவைப் புதைத்த இடத்தில் முள்ளை வெட்டிச் சுத்தம் செய்துவிட்டு வந்தார்கள். போகும்போது முன்னும் பின்னுமாகப் போனவர்கள், வரும்போது பக்கத்தில் பக்கத்தில் நடந்து வந்ததைத் தெருமுனையில் நின்று பார்த்தேன்.

எங்களுக்கென்று அவர்கள் கொண்டுவந்ததில் அந்தச் சுவரின் ஒரு துண்டும் இருந்தது. உள்ளங்கை அளவு சிமெண்டு, ஒரு பக்கம் நீலமும் சிவப்புமாகப் பெயிண்ட். கல்லுக்கா நம் ஊரில் பஞ்சம் என்று நைனா திகைத்தார். அம்மா அதை நன்றாகக் கழுவி எலுமிச்சை ஊறுகாய் ஜாடியின் மூடிக்குப் பாரமாக வைத்தாள். பிற்பாடு அடுப்படிக்குத் தரை போட்டபோது கொத்தனார் அதையும் மற்ற ஜல்லியோடு கொட்டிவிட்டான். ஊர் ஊராக மியூசியத்தில் வைத்திருக்கிற பொருள் எங்கள் அடுப்படித் தரைக்குக் கீழே கிடக்கிறது.

பார்டர் எங்கே இருக்கிறது என்று சின்னம்மா கேட்டது நாலாம் நாள். தமிழ்நாட்டு எல்லை பக்கத்தில்தான் என்று யாரோ பேச்சுவாக்கில் சொன்னது அவள் காதில் விழுந்திருக்கிறது. பார்க்க வேண்டும் என்றாள். அங்கே பார்க்க ஒன்றும் இல்லையே என்று நைனா சங்கடப்பட்டார். அவள் விடவில்லை. திருத்தணி பஸ் ஏறி எல்லாரும் போய் இறங்கினோம். ரோட்டுக்குக் குறுக்கே தூக்கிக் கட்டிய ஒரு மூங்கில், ஒரு தகரக் கொட்டகை, பில் காட்ட நிற்கிற ரெண்டு லாரி, ஒரு சோடாக் கடை. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்துப் போகிறவர்கள் மஞ்சள் துணியும் வேப்பிலையுமாக மூங்கிலுக்கு அடியில் சரம் சரமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். யாரும் யாரையும் நிறுத்தவில்லை.

சின்னம்மா கைப்பையைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்தாள். நேராகக் கொட்டகைக்குப் போய் அங்கிருந்த குமாஸ்தாவிடம் நீட்டினாள். லாரி பில்லில் முத்திரை குத்திக்கொண்டிருந்தவர் அதை வாங்கிப் புரட்டி, போட்டோவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்து, கூச்சத்தோடு திருப்பிக் கொடுத்தார்.

"மீக்கு அவசரம் லேதம்மா."

உங்களுக்கு இது தேவையில்லை அம்மா. சின்ன நைனா அதை அவள் பாஷையில் சொன்னார். அவள் மூங்கிலைத் தாண்டிக் காவடிக்காரர்களோடு இருபது அடி நடந்தாள். நின்றாள். திரும்பி இந்தப் பக்கம் வந்தாள். மறுபடியும் போனாள். பிறகு அந்தப் பக்கத்து மதகின் மேல் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு தோள் குலுங்க அழுதாள். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று நான் நினைத்தேன். நைனாவும் அப்படித்தான் நினைத்தாரோ என்னவோ, ஓடிப்போய்ப் பன்னீர் சோடா வாங்கி வந்து, அவள் குடித்து முடிக்கும் வரை குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தம்பி பெண்டாட்டியிடம் அவர் நேரடியாகப் பேசினது அன்றைக்குத்தான். மெதுவா குடிம்மா என்றார்.

அவர்கள் திரும்பிப் போன பிறகு கடிதங்கள் பக்கம் பக்கமாக வந்தன. எல்லாம் நல்ல செய்தி என்று சொல்ல மாட்டேன். இரண்டு ஜெர்மனியும் ஒன்றான பிறகு சின்ன நைனா வேலை செய்த மில்லை மூடிவிட்டார்கள். சின்னம்மாவுக்கும் வேலை போயிற்று. ஒரு கடிதத்தில், இத்தனை வருஷம் கற்ற தொழிலுக்கு இங்கே மதிப்பில்லை, ராத்திரி தூக்கம் வரவில்லை என்று எழுதியிருந்தார். நைனா அதை உரக்கப் படிக்கவில்லை. இரண்டு நாள் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். மூன்றாம் நாள் நாலு தறியில் ஒன்றை விற்க விலை பேசினார். பாஸ்போர்ட்டுக்கு என்னென்ன எழுத வேண்டும் என்று தெலுங்கு சாரிடம் போய்க் கேட்டார்.

பாஸ்போர்ட் விசாரணைக்கு ஒரு கான்ஸ்டபிள் சைக்கிளில் வந்தார். திருப்பதிக்கு அந்தப் பக்கம் போய் அறியாத ஒரு தறிக்காரர், லுங்கியும் எண்ணெய்க் கையுமாக எதிரே நிற்கிறார், ஜெர்மனிக்குப் பாஸ்போர்ட் கேட்டிருக்கிறார். கான்ஸ்டபிளுக்கு நம்பிக்கை வரவில்லை. பேப்பரையும் ஆளையும் மேலும் கீழும் பார்த்தார். அங்கே என்ன வேலை, யார் அனுப்புகிறார்கள், ஏஜெண்டு யார் என்று அடுக்கினார். கடைசியில், எதற்குத்தான் போகிறீர் என்று தெலுங்கில் கேட்டார்.

நைனா கையை லுங்கியில் துடைத்துக்கொண்டார்.

"மா தம்முடு இண்டிக்கி."

எங்கள் தம்பி வீட்டுக்கு. பின்தெருவுக்குப் போகிறேன் என்கிற மாதிரிதான் சொன்னார். கான்ஸ்டபிள் பேனா மூடியைக் கழற்றிக்கொண்டே, அதையே எழுதிக்கொள்கிறேன் என்று உட்கார இடம் கேட்டார். அம்மா நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள்.